கர்ணத்துக்கு வரையும் குத்துயரம்: 60, 80 மனைக் கணக்கு

வைகைக்கரை:
வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு வந்த கணக்கு இது. ஒரு மனை செங்கோண முக்கோண வடிவில் இருக்கிறது. செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்கள் 60 அடி, 80 அடி. மூன்றாவது பக்கம் ரோட்டை ஒட்டியது. பின்பக்க மூலையிலிருந்து ரோட்டுக்கு உள்ள மிகக் குறைந்த தூரம் என்ன?

அவள் இப்படிச் செய்தாள். ரோட்டுப் பக்கம் 100 அடி. பரப்பு ½ × 60 × 80 = 2400 சதுர அடி. அதே பரப்பை ரோட்டுப் பக்கத்தை அடிப்பக்கமாக வைத்து எழுதினால் ½ × 100 × உயரம் = 2400. ஆக உயரம் 48 அடி. மூன்றே வரி. டியூஷனில் இதை அடித்துவிட்டு, வடிவொத்த முக்கோணம் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விடை இரண்டிலும் 48தான்.

எனக்கு இரண்டு சந்தேகம். பரப்பு வழி செல்லுமா, செல்லாதா? அப்புறம், அந்த 48 அடிக் கோடு ரோட்டில் எந்த இடத்தில் வந்து விழும்? மகள் நடுவில் என்கிறாள். படம் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பழைய வாத்தியார்:
அம்மா, உங்கள் மகள் செய்தது முழுக்கச் சரி. ஒரு முக்கோணத்துக்குப் பரப்பு ஒன்றுதான். எந்தப் பக்கத்தைத் தரையில் வைத்து அளந்தாலும் அது மாறாது. செங்கோண முக்கோணத்தில் 60ஐ அடிப்பக்கம் என்றால் 80 அதற்குக் குத்துயரம். 100ஐ அடிப்பக்கம் என்றால் நாம் தேடும் கோடு குத்துயரம். இரண்டையும் சமப்படுத்தினால் முடிந்தது. இரு பக்கங்களின் பெருக்கலைக் கர்ணத்தால், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தால், வகுப்பது என்று எல்லாரும் மனப்பாடம் செய்வது இதைத்தான். மனப்பாடமே தேவையில்லை, பரப்பு ஒன்றுதான் என்பது நினைவில் இருந்தால் போதும்.

கேள்வியிலேயே 'வடிவொத்த முக்கோணங்களைப் பயன்படுத்தி' என்று இருந்தால் மட்டும் அந்த வழியில் எழுதட்டும். மற்றபடி கர்ணம் 100 எப்படி வந்தது என்று ஒரு வரி, பரப்பு சமம் என்று ஒரு வரி, விடையில் 'அடி' என்ற அலகு, இவை இருந்தால் போதும். 'மிகக் குறைந்த தூரம் என்பது செங்குத்துத் தூரம்' என்று முதலில் எழுதிவிடச் சொல்லுங்கள். இந்தக் கணக்கின் உயிரே அந்த வரிதான், பிள்ளைகள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

செங்கல்மேடு:
யார் இந்தக் கணக்கைப் போட்டாரோ, யோசித்துப் போட்டிருக்கிறார். 2400 சதுர அடி என்பது சரியாக ஒரு கிரவுண்டு. சென்ட்டில் சொன்னால் ஐந்தரை சென்ட், 435.6ஆல் வகுத்துப் பாருங்கள். பின் மூலையில் செப்டிக் டேங்க் வைத்து ரோட்டுக்குக் குழாய் இழுக்கிறவருக்கு இந்த 48 அடி நிஜமாகவே தேவைப்படும் அளவு.

எண்விரும்பி:
கோடு எங்கே விழும் என்ற கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் டியூஷனில் சொன்ன வழி இங்கேதான் தேவைப்படுகிறது. பரப்பு வழி உயரத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது.

படம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். செங்கோணம் உள்ள பின் மூலை க. ரோட்டில் இருக்கும் இரண்டு மூலைகள் ட, ப. கட = 60, கப = 80, டப = 100. க விலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தாக இறங்கும் கோடு ம என்ற புள்ளியில் விழுகிறது.

இப்போது சின்ன முக்கோணம் கடம பாருங்கள். அதில் ம இடத்தில் 90 பாகை. ட இடத்தில் உள்ள கோணம் பெரிய முக்கோணத்துக்கும் இதற்கும் பொது. இரண்டு கோணம் ஒத்துப்போனால் மூன்றாவது தானே ஒத்துப்போகும். ஆக இந்தச் சின்ன முக்கோணம் பெரிய முக்கோணத்தின் சுருக்கிய நகல். அந்தப் பக்கம் உள்ள கபம முக்கோணமும் அதே காரணத்தால் இன்னொரு நகல்.

எவ்வளவு சுருங்கியிருக்கிறது? பெரியதில் கர்ணம் 100. கடம முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கட, அதாவது 60. எனவே 0.6 மடங்கு. பெரியதன் 60, 80, 100 மூன்றையும் 0.6ஆல் பெருக்கினால் 36, 48, 60. அடுத்த முக்கோணத்தின் கர்ணம் 80, அதாவது 0.8 மடங்கு. அதன் பக்கங்கள் 48, 64, 80.

இரண்டு பட்டியலிலும் 48 இருக்கிறது. அதுதான் நம் குத்துயரம். மிச்சம் இருக்கும் 36ம் 64ம் ரோட்டில் விழும் துண்டுகள். 36 + 64 = 100. சூத்திரம் எதுவும் இல்லாமல் உயரம், இடம் இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. கோடு 60 அடிப் பக்கம் ரோட்டைத் தொடும் மூலையிலிருந்து 36 அடியில் விழுகிறது. எப்போதும் சின்னப் பக்கத்தின் பக்கமாகத்தான் சாயும். இரு பக்கமும் சமமாக இருந்தால் மட்டுமே நடுவில் விழும்.

மகளுக்கு நடு என்று தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. ரோட்டின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்தால் அது 50 அடி. குத்துயரம் 48. நடுப்புள்ளி 14 அடி தள்ளியிருந்தும் தூரத்தில் வித்தியாசம் 2 அடிதான், கண்ணுக்கு எளிதில் பிடிபடாது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. மகளிடம் காட்டினேன். 36ஐயும் 64ஐயும் பெருக்கினால் 2304, அது 48இன் வர்க்கம் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். தற்செயலா என்று கேட்கிறாள்.

எண்விரும்பி:
தற்செயல் இல்லை. இரண்டு நகல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 36க்கு 48. இன்னொன்றில் 48க்கு 64. ஒரே வடிவம் என்பதால் விகிதம் ஒன்று. 36 ÷ 48 = 48 ÷ 64. குறுக்கே பெருக்கினால் 48² = 36 × 64. எந்தச் செங்கோண முக்கோணத்திலும் குத்துயரம் அந்த இரண்டு துண்டுகளின் பெருக்கல் சராசரி.

பரப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கம் 0.6 மடங்கு ஆனால் பரப்பு 0.36 மடங்கு ஆகும். 2400இல் 0.36 பங்கு 864. மற்றதில் 0.64 பங்கு 1536. இரண்டும் சேர்ந்தால் 2400. வெட்டிய இரண்டு துண்டும் சேர்ந்தால் முழு மனை, வேறு எங்கே போகும்? அப்படியானால் 0.36 + 0.64 = 1. அதாவது 0.6² + 0.8² = 1. இதை 100²ஆல் பெருக்கினால் 60² + 80² = 100². பிதாகரஸ் தேற்றம் இந்த ஒரே கோட்டுக்குள் இருக்கிறது.

ஏன்_எப்படி:
ஒரு நிமிடம். 100 என்பதையே பிதாகரஸ் வைத்துத்தானே கண்டுபிடித்தோம்? அப்புறம் அதை வைத்தே பிதாகரஸை நிரூபிப்பது சுற்றி வருவது ஆகாதா?

பழைய வாத்தியார்:
நல்ல கேள்வி தம்பி. இதைக் கேட்காமல் விடக்கூடாது. எண் போட்டதால் அப்படித் தெரிகிறது. எண்ணை எடுத்துவிடுங்கள். கட, கப, டப என்ன நீளமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். இரண்டு சின்ன முக்கோணங்களும் பெரியதன் நகல் என்பது கோணங்களை மட்டும் பார்த்து வந்த முடிவு. நீளம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. முதல் நகலின் சுருக்கம் கட ÷ டப. இரண்டாவதன் சுருக்கம் கப ÷ டப. பரப்புகள் இந்தச் சுருக்கங்களின் வர்க்கப்படி. இரண்டு பரப்பும் சேர்ந்தால் முழுசு. எனவே (கட ÷ டப)² + (கப ÷ டப)² = 1. இதில் பிதாகரஸ் எங்கும் நுழையவில்லை, கடைசியில் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

ஏன்_எப்படி:
சரி, ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. கோணம் மட்டும் போதும் என்பதுதான் சாவி.

நல்லூர்_வாசன்:
இதிலே பாஸ்கரரைச் சொல்லாமல் விடக்கூடாது. 1114இல் பிறந்த இந்தியக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் பீஜகணிதம் என்ற தன் நூலில் இதே கோட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார். பக்கங்கள் 15, 20 என்றால் கர்ணம் என்ன, அந்தக் கணிப்பு முறைக்கு நிறுவல் என்ன என்பது அவர் எடுத்த கேள்வி. கர்ணத்தையே அடிப்பக்கமாகப் போட்டு, செங்கோண மூலையிலிருந்து லம்பம், அதாவது செங்குத்துக் கோடு, இறக்குகிறார். இரண்டு சின்ன முக்கோணிகளும் முழு முக்கோணத்தின் வடிவத்திலேயே இருக்கின்றன என்பதை வைத்து, 15இன் வர்க்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது கர்ணத்தின் ஒரு துண்டு, 20இன் வர்க்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது மற்றத் துண்டு, இரண்டும் கூடினால் கர்ணம் என்று சமன்பாடு அமைக்கிறார். 225 + 400 = 625, ஆக 25. துண்டுகள் 9, 16. லம்பம் 12.

அதற்குப் பிறகு வேறு வழியும் காட்டுகிறார். அதே முக்கோணி நாலை ஒரு சதுரத்துக்குள் சுற்றி அடுக்கினால் நடுவில் 5 பக்கமுள்ள சின்னச் சதுரம் மிஞ்சும். 4 × 150 + 25 = 625. எங்கள் பள்ளிக்கூடங்களில் இந்த இரண்டாவது படத்தைத்தான் அதிகம் காட்டுவார்கள். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை, ஒரு கோடு போதும்.

பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலிலும் இது உண்டு. ஆறாம் பாகத்தின் 8ஆம் தேற்றம் முழுக்க இதுதான்: செங்கோணத்திலிருந்து செம்பக்கத்துக்கு (கர்ணத்துக்கு) செங்குத்து வரைந்தால் வரும் இரண்டு முக்கோணிகளும் முழுமைக்கும் ஒன்றுக்கொன்றும் வடிவொத்தவை. முதல் பாகத்தின் 47ஆம் தேற்றமான பிதாகரஸிலும் அவர் அதே கோட்டை நீட்டி, செம்பக்கத்தின் மேல் உள்ள சதுரத்தை இரண்டு செவ்வகமாகப் பிளக்கிறார். 60இன் சதுரம் 3600, அது 100 × 36 செவ்வகத்துக்குச் சமம். 80இன் சதுரம் 6400, அது 100 × 64க்குச் சமம். மேலே எண்விரும்பி அண்ணை போட்ட அதே துண்டுகள்.

தச்சுப்பட்டறை:
வாசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வேலையில் இந்தக் கணக்கு அடிக்கடி வரும். கொட்டகைக்குக் கூரை போடும்போது இரண்டு பக்கக் கைமரமும் ஒரே நீளம் இல்லாமல், மோட்டில், அதாவது கூரை உச்சியில், செங்கோணமாகச் சேர வேண்டியிருந்தால் இதேதான். கைமரம் ஒன்று 6 அடி, ஒன்று 8 அடி, கீழே உத்திரம் 10 அடி. நடுவில் நிற்கும் குத்துக்கால் 4.8 அடி. டேப்பில் 4 அடி 9 அங்குலம் 5 நூல் என்று வெட்டுவோம் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). அது நிற்கிற இடம் 6 அடிக் கைமரத்துப் பக்கத்திலிருந்து 3.6 அடி.

கணக்கே போடாமலும் செய்யலாம். தரையில் முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலமட்டத்தின் ஒரு கையை உத்திரக் கோட்டோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்தால், மறு கை மோட்டுப் புள்ளியைத் தொடுகிற இடம்தான் குத்துக்காலின் அடி. மோடு சரியாக 90 பாகைதானா என்று பார்க்க, உத்திரத்தின் நடுவில் ஆணி அடித்து 5 அடிக் கயிறு கட்டிச் சுற்றுவோம். மோட்டுப் புள்ளி அந்த வட்டத்தின் மேல் இருந்தால் செங்கோணம். உள்ளே இருந்தால் மோடு விரிந்திருக்கிறது, வெளியே போனால் குறுகியிருக்கிறது. அப்பா சொல்லிக் கொடுத்தது இது. காரணத்தைப் பிறகு ஒரு என்ஜினியர் தம்பி விளக்கினார், அரைவட்டத்தில் உள்ள கோணம் செங்கோணம் என்று.

குரூப்4_கனவு:
எல்லாருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு பயிற்சித் தாளில் இப்படிக் கேட்டிருந்தார்கள்: செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10, கர்ணத்துக்கு வரைந்த குத்துயரம் 6, பரப்பு என்ன? விடை 30 என்று போட்டிருக்கிறார்கள். ½ × 10 × 6 என்பது சரிதான். ஆனால் பக்கங்களைக் கண்டுபிடிக்கப் போனால் வரவே மாட்டேன் என்கிறது. உதவுங்கள்.

பழைய வாத்தியார்:
வராது. அப்படி ஒரு முக்கோணமே இல்லை.

தச்சுப்பட்டறைத் தம்பி சொன்ன கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரம் 10 அடி என்றால் நடுவிலிருந்து 5 அடிக் கயிறு. செங்கோண மூலை அந்த வட்டத்தின் மேல்தான் இருக்க முடியும். வட்டத்தின் மிக உயரமான இடம் 5 அடி. 6 அடி உயரத்துக்குச் செங்கோண மூலை எப்படிப் போகும்? கர்ணத்துக்கு இறங்கும் குத்துயரம் கர்ணத்தின் பாதியைத் தாண்டவே தாண்டாது.

நீங்கள் பக்கங்கள் வழியாகப் போனதாகச் சொன்னீர்கள், அதையும் முடித்துப் பாருங்கள். பக்கங்களின் பெருக்கல் 10 × 6 = 60. வர்க்கங்களின் கூடுதல் 100. அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கம் 100 − 120 = −20. வர்க்கம் குறையெண்ணாக வந்ததும் நின்றுவிட வேண்டும். கர்ணம் 10 உள்ள செங்கோண முக்கோணத்தின் பரப்பு 25ஐத் தாண்டாது, 30 என்று அச்சில் இருந்தாலும் சரி.

ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் அர்னால்ட் இதே கணக்கை, 10 அங்குலம், 6 அங்குலம் என்று, ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் பத்தாண்டுக்கு மேலாக 30 என்று விடை எழுதிக்கொண்டிருந்தார்கள், மாஸ்கோவிலிருந்து வந்த மாணவர்களால் மட்டும் அப்படி எழுத முடியவில்லை, ஏன் என்பதுதான் அவர் வைத்த கேள்வி. உங்களுக்கும் பக்கங்கள் வரவில்லை என்று இடித்ததே, அந்த உணர்வை விட்டுவிடாதீர்கள். தேர்வில் நான்கு விடைகளில் 30ம் 'இத்தகைய முக்கோணம் இல்லை' என்பதும் இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

குரூப்4_கனவு:
நன்றி ஐயா. இரண்டு நாளாக மண்டையைக் குடைந்தது.

ஏன்_எப்படி:
பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். எக்ஸ் அச்சை 3இலும் ஒய் அச்சை 4இலும் வெட்டும் நேர்கோட்டுக்கு ஆதிப் புள்ளியிலிருந்து தூரம் என்ன என்று கேட்பார்கள். அதுவும் இதே முக்கோணம்தான், விடை 12/5. இரு பக்கங்களின் வர்க்கங்களைத் தலைகீழாக்கிக் கூட்டினால் குத்துயரத்தின் வர்க்கத்தின் தலைகீழ் வரும்: 1/9 + 1/16 = 25/144. இந்த வடிவம் முப்பரிமாணத்துக்கும் அப்படியே நீளும். மூன்று அச்சுகளையும் வெட்டும் தளத்துக்கு மூன்று வெட்டுத்துண்டுகளுக்கும் அதே போலக் கூட்டினால் போதும்.

எண்விரும்பி:
பாஸ்கரர் ஏன் 3, 4, 5 என்று எடுக்காமல் 15, 20 என்று எடுத்தார் என்று யோசித்தீர்களா? அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, எண்களைப் பாருங்கள். 3, 4, 5இல் குத்துயரம் 2.4, துண்டுகள் 1.8, 3.2. எல்லாமே பின்னம். அதை 5ஆல் பெருக்கினால் 15, 20, 25. குத்துயரம் 12, துண்டுகள் 9, 16, எல்லாம் முழு எண். பக்கமும் குத்துயரமும் முழு எண்ணாக வரும் செங்கோண முக்கோணங்களில் இதுதான் மிகச் சிறியது. பொதுவாக, பொதுக் காரணி இல்லாத மூன்று எண்களை எடுத்து, கர்ணத்தின் எண்ணாலேயே மூன்றையும் பெருக்கிவிட்டால் குத்துயரம் முழு எண்ணாகிவிடும். துண்டுகள் வர்க்க எண்களாகவே வந்து உட்காரும், 9, 16 மாதிரி.

இதற்கு மேலே ஒன்று இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. 15, 20, 25 முக்கோணத்துக்குள் ஒரு உள்வட்டம், அதாவது மூன்று பக்கங்களையும் தொடும் வட்டம், வரையுங்கள். ஆரம் 5. குத்துயரம் வெட்டிய இரண்டு சின்ன முக்கோணங்களுக்கும் தனித்தனியே உள்வட்டம் வரையுங்கள். ஆரங்கள் 3, 4. இப்போது மூன்றையும் கூட்டுங்கள்: 3 + 4 + 5 = 12. குத்துயரம்!

வைகைக்கரை:
மகள் விடவில்லை, 5, 12, 13ஐ 13ஆல் பெருக்கிப் போட்டுப் பார்த்துவிட்டாள். பக்கங்கள் 65, 156, 169. குத்துயரம் 60. துண்டுகள் 25, 144. பெரிய உள்வட்டத்தின் ஆரம் 26, சின்னவை 10, 24. கூட்டினால் 60. எப்போதும் வருமா, ஏன் வருகிறது என்று கேட்கிறாள். அந்த ஆரத்தை அவள் பரப்பு வழியாகக் கண்டுபிடித்தாள், சுருக்கு வழி இருக்கிறதா என்றும் கேட்கிறாள்.

பழைய வாத்தியார்:
இருக்கிறது. உள்வட்டம் இரண்டு பக்கங்களையும் தொடும் இடத்திலிருந்து மையத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். செங்கோண மூலையில் ஒரு குட்டிச் சதுரம் வரும், அதன் பக்கம் ஆரம். கட என்ற பக்கத்தில் ஆரம் போக மிச்சம், கர்ணத்தில் ட விலிருந்து தொடு புள்ளி வரை உள்ள நீளத்துக்குச் சமம். கப விலும் அப்படியே. அந்த இரண்டு மிச்சமும் சேர்ந்தால் முழுக் கர்ணம். ஆக இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கர்ணத்தைக் கழித்தால் ஆரத்தின் இரண்டு மடங்கு. 65 + 156 − 169 = 52, பாதி 26.

இதை மூன்று முக்கோணங்களுக்கும் எழுதட்டும். ஒவ்வொன்றும் ஆரத்தின் இரண்டு மடங்கு:

கட + கப − டப
டம + கம − கட
பம + கம − கப

மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். கட ஒரு இடத்தில் கூட்டல், ஒரு இடத்தில் கழித்தல், போய்விடும். கப வும் அப்படியே. டம, பம இரண்டும் சேர்ந்தால் டப, அது கழித்தலில் இருக்கும் டப உடன் போய்விடும். மிஞ்சுவது இரண்டு கம. பாதியாக்கினால் குத்துயரம்.